காப்பீட்டு அட்டைக்கு 1,20,000 ரூபாய் வரம்பு: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

கரிசல்மண்:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்குப் பத்தாயிரம். அதுவும் ஒருவர் சம்பளம் இல்லை, வீட்டில் உள்ள எல்லோருடைய சம்பாத்தியமும் சேர்த்து. எங்கள் விருதுநகர் பக்கம் ஒரு கொத்தனார் மாதத்தில் பாதி நாள் வேலைக்குப் போனாலே இந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். மனைவி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் திட்டத்தில் சுமார் 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள் இருக்கின்றன. எப்படி? வருமானச் சான்றுக்குப் போனால் "எவ்வளவு போட?" என்று வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) கேட்பார். "காப்பீட்டு அட்டைக்குத்தான் சார்" என்போம். அவர் 72,000 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது பொய்க் கணக்கு என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மாதம் பதினோராயிரம் வங்கிக் கணக்கில் வாங்கும் கடைப் பெண் உண்மையைச் சொன்னால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எல்லோரையும் பொய் சொல்ல வைக்கும் வரம்பு எதற்கு? குடும்ப அட்டை இருக்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எதிர்க்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

திண்ணைவாசி:

இருக்கிறது. முதலில் அந்தக் கடைப் பெண். சம்பளச் சீட்டோடு 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. அவருக்குக் கிடைக்க வேண்டியது அது. முதலாளி பதிவு செய்யவில்லை என்றால் முதலாளியைக் கேளுங்கள், அரசுக் காப்பீட்டின் கதவைக் கழற்றாதீர்கள்.

இரண்டாவது, பணம். 2022 ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். நாம் ஒரு பைசா கட்டுவதில்லை, அரசு கட்டுகிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இதை இணைத்தார்கள். ஆனால் மத்தியப் பங்கு வருவது பெரும்பாலும் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு முழுச் செலவும் மாநிலத்தின் தலையில். மாநிலத்தில் இரண்டே கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக ரேஷன் கார்டுகள் இருக்கின்றன. திட்டத்தில் இல்லாத எண்பது லட்சத்துச் சொச்சத்தில் அரசு ஊழியர், இ.எஸ்.ஐ. தொழிலாளி, சொந்தமாகப் பாலிசி எடுத்தவர் என்று கணிசமான பேர். அவர்களுக்கும் சேர்த்து எதற்கு?

மூன்றாவது, நீங்கள் சொல்லாதது. வரம்பை எடுத்தால் தனியார் மருத்துவமனைக் கட்டிலை முதலில் பிடிப்பவன் படித்தவன், கார் வைத்திருப்பவன், மேலாளரைத் தெரிந்தவன். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார்.

கரிசல்மண்:

இ.எஸ்.ஐ. சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். அந்தக் கடையில் நான்கு பேர். யாரைப் போய்க் கேட்பது?

இன்னொன்று. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய்க்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். முன்னேறிய வகுப்பு ஏழை என்று மத்திய அரசு பத்து விழுக்காடு ஒதுக்கீடு கொடுக்கிறதே, அதற்கு எட்டு லட்சம். பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு மட்டும் 1,20,000! ஒரே குடும்பம் ஒரு மேசையில் ஏழை, அடுத்த மேசையில் பணக்காரன். இந்தக் கணக்கை யார் போட்டது?

திண்ணைவாசி:

அப்படியானால் வரம்பை உயர்த்தச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். 2012-ல் வைத்த 72,000, பத்து வருஷம் கழித்து 2022-ல்தான் 1,20,000 ஆனது. அது தாமதம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உயர்த்துவது வேறு, எடுத்துவிடுவது வேறு.

மருத்துவமேசை:

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் இருவரும் வரம்பைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு.

வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை பெயர். இந்த அட்டையில் குடும்பம் என்றால் குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்கள். கல்யாணம் ஆகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும். அங்கேயும் நீக்கவில்லை, இங்கேயும் சேர்க்கவில்லை. பிள்ளைகளுக்கோ வேலை கிடைக்கும் வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். 27 வயதுப் பையன் விபத்தில் வந்து படுத்திருப்பான், அப்பா தன் அட்டையை நீட்டுவார். என்ன சொல்வது அவரிடம்?

சாலை விபத்துக்கு ஒரு வழி இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை, வருமானம், எந்த ஊர் என்று எதுவும் கேட்கக் கூடாது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனை என்றால் தனியாரிலும் அப்படித்தான்.

இன்னொரு தொல்லை நேரம். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் அட்டைக்கு ஓடுகிறார்கள். இது கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். முன் அனுமதி வாங்கித்தான் சிகிச்சை தொடங்க வேண்டும். நீங்கள் பணம் கட்டி அறுவை சிகிச்சை முடித்துவிட்டுப் பில்லைக் கொண்டுவந்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

வெள்ளுடை:

மேசையில் இருக்கும் சகோ, அனுமதி வந்த பிறகும் "ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயில் வைக்கும் சுருள்) நல்ல கம்பெனி வேண்டும் என்றால் தனியாக இவ்வளவு" என்று கேட்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

நான் ஒரு அரசு மருத்துவமனையில் செவிலியர். இந்தத் திட்டத்தை நம்பி எல்லோரும் தனியாருக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை எப்போதும் இலவசம்தான். அங்கே வருமானச் சான்று கேட்பதில்லை, வரம்பும் கிடையாது. கரிசல்மண் கேட்கும் 'எல்லோருக்கும்' என்பது ஏற்கெனவே இங்கே இருக்கிறது. பிரீமியமாகப் போகும் கோடிகளை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் போட்டால், இதயப் பரிசோதனைக்கு மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்ப வேண்டியிருக்காது.

கரிசல்மண்:

சிஸ்டர், இலவசம்தானே, அப்புறம் ஏன் உங்கள் வார்டிலும் "காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்?

வெள்ளுடை:

நல்ல கேள்வி, பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு சண்டைக்கு வருகிறார்கள். அரசு மருத்துவமனையும் திட்டத்தில் உண்டு. உங்கள் அட்டையில் சிகிச்சை செய்தால் அதற்கான தொகை மருத்துவமனைக் கணக்குக்கு வரும். எலும்புக்கு வைக்கும் கம்பி, செயற்கை மூட்டு, ஸ்டென்ட் போன்றவற்றை வாங்க அது உதவும், ஊழியர்களுக்கும் ஒரு பங்கு ஊக்கத்தொகை உண்டு. அட்டை இல்லை என்றால் சிகிச்சை இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு, கண்காணிப்பாளரிடம் போங்கள். ஆனால் அட்டை இருந்தால் காட்டுங்கள், அது நம் மருத்துவமனைக்கே வரும் பணம்.

திண்ணைவாசி:

சிஸ்டர் தன் வாதத்தைத் தானே உடைத்துக்கொண்டார். பிரீமியம் முழுக்கத் தனியாருக்குப் போவதில்லை, ஒரு பகுதி உங்களிடமே திரும்பி வருகிறது. காப்பீடு இல்லாமல் அரசு நேரடியாகக் கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் வார்டுக்கு வந்து சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கோப்பு கோட்டையிலேயே தூங்கும்.

வெள்ளுடை:

உடைக்கவில்லை ஐயா. வருகிற பணம் அறுவை சிகிச்சைக்கு வருகிறது. சர்க்கரை மாத்திரைக்கு வராது, வழக்கமான வெளிநோயாளிச் செலவுகளை இந்தத் திட்டம் தொடுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்தான் ஐந்து வருஷம் கழித்து டயாலிசிஸுக்கு வருகிறார். டயாலிசிஸுக்குக் காப்பீடு உண்டு, அதைத் தடுக்கும் மாத்திரைக்கு இல்லை. அந்த மாத்திரையை யார் கொடுக்கிறார்கள்? நாங்கள்தான், ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரீமியம் இல்லாமல். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய்க் கொடுக்கிறோம்.

நெய்தல்:

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ராமேஸ்வரம் பக்கம், கடல் தொழில். வருமானச் சான்று என்றால் என்ன எழுதுவது? மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் பூஜ்யம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. பாடு (மீன் வரத்து) நன்றாக இருக்கும் வாரத்தில் ஒரு மாதச் சம்பளம் வரும். ஆண்டு வருமானம் என்று ஓர் எண்ணைக் கேட்டால் எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. அலுவலர் ஒரு எண் எழுதுகிறார், நாங்கள் தலையாட்டுகிறோம். கரிசல்மண் அண்ணன் இதைப் பொய் என்கிறார். எங்களைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இதே திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. முகாம் பதிவு போதும். அங்கே வரம்பு இல்லாததால் யாரும் திட்டத்தைச் சூறையாடிவிடவில்லை. ஒரு கூட்டத்துக்கு வரம்பு வேண்டாம் என்று அரசே முடிவெடுக்க முடிகிறது என்றால், மீனவர், கட்டடத் தொழிலாளி என்று நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கும் அப்படியே செய்யலாமே?

திண்ணைவாசி:

இது யோசிக்க வேண்டிய வழி. வாரிய அட்டையைப் பார்த்துக் கொடுப்பது, வருமானச் சான்றைப் பார்த்துக் கொடுப்பதை விட நேர்மையானது. ஆனால் தங்கச்சி, வாரியத்தில் கொத்தனாரே இல்லாத கொத்தனார்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததா? கதவை அடைத்தால் ஜன்னல் வழி வருவார்கள்.

என் யோசனை, உரிமைத் தொகைக்குச் செய்ததைப் போல விலக்குப் பட்டியல். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், கார் வைத்திருப்பவர், வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிப்பவர், இவர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களுக்கு வருமானச் சான்றே கேட்க வேண்டாம்.

கரிசல்மண்:

கழித்தவர்கள் போக மிச்சம் இருப்பவர்கள் யார்? நான் சொன்ன 'எல்லோரும்'தான். அதே ஊருக்கு நீங்கள் சுற்று வழியில் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

திண்ணைவாசி:

இல்லை. உங்கள் பட்டியலில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் மென்பொருள்காரர் இருக்கிறார், என் பட்டியலில் இல்லை. அந்த வித்தியாசத்தின் விலை பல நூறு கோடி.

மருத்துவமேசை:

வெள்ளுடை சிஸ்டர் கேட்டதற்குப் பதில் பாக்கி. கூடுதல் பணம் கேட்பது விதிமீறல்தான், மறுக்கவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது. நிர்வாகம் அது கட்டுப்படியாகவில்லை என்கிறது, நோயாளியிடம் கை நீட்டுகிறது. தொகை குறைவு என்றால் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம், உள்ளே இருந்துகொண்டு வசூலிக்கக் கூடாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்றாலே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். அப்புறம் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புதுவரவு:

மன்னிக்கவும், விவாதத்தின் நடுவே வருகிறேன். அப்பாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவசரம் இல்லை, ஒரு மாதத்துக்குள் செய்தால் போதுமாம். அட்டை எடுக்கவே இல்லை. தஞ்சாவூர் மாவட்டம். எங்கே தொடங்குவது? இடைத்தரகர் ஒருவர் இரண்டாயிரம் கேட்கிறார்.

மருத்துவமேசை:

அவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள், அட்டை இலவசம். முதலில் திட்டத்தின் இணையதளத்தில் குடும்பம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2012-ல் பதிந்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். இருந்தால் மின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் வருமானச் சான்று வாங்குங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். சில ஊர்களில் வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட படிவமே போதும் என்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். அப்பாவின் பெயர் குடும்ப அட்டையில் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், முதலெழுத்து மாறினாலும் இழுத்தடிப்பார்கள். மருத்துவமனை இந்தத் திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, வால்வு சிகிச்சைக்கு அனுமதி பெற்றதா என்றும் விசாரியுங்கள்.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். குறைதீர் கூட்டம் நடக்கும், கால் வைக்க இடம் இருக்காது.