பேட்டரி பாதி காலி; கன்ட்ரோலரோ நிறைந்துவிட்டது என்கிறது

கோஸ்டர்வாசி, மெல்பர்ன்
வணக்கம். பழைய டொயோட்டா கோஸ்டர் பேருந்து ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டன. கூரைமேல் சோலாரையும் நானே பொருத்தினேன். அதுதான் இரண்டு வாரமாக உயிரை வாங்குகிறது.

200 வாட் பேனல் இரண்டு, பாரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்திருக்கிறேன். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்த 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், 100 வோல்ட் வரை தாங்கும். பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர் அவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஜனவரி வெயில், துளி மேகம் இல்லை. ஆனாலும் சார்ஜ் 9 ஆம்பியருக்கு மேல் ஏறுவதே இல்லை. காலை பத்து மணிக்கே கன்ட்ரோலர் 'அப்சார்ப்ஷன்' (பேட்டரி நிறையப்போகிறது) என்று காட்டுகிறது. உச்சிவெயில் நேரத்தில் 'ஃப்ளோட்' (நிறைந்துவிட்டது, இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்) நிலைக்குப் போய் 2 ஆம்பியரில் படுத்துக்கொள்கிறது. பேட்டரியின் செயலியைப் பார்த்தால் 45 சதவீதம்தான். யார் பொய் சொல்கிறார்கள், கன்ட்ரோலரா பேட்டரியா?

நிழல்தேடி
யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்களா? பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே பாதி போய்விடும். கூரையில் காற்றாடி மூடி இருந்தால் அதன் நிழலையும் பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது.

கோஸ்டர்வாசி
வீட்டு வாசலில் வெட்டவெளியில் நிற்கிறது. பேனலை இரண்டு முறை துடைத்தும் பார்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன்
தம்பி, ஊகம் வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். முதலில் கன்ட்ரோலரில் பேட்டரி வயர் நுழையும் திருகுகளில். உடனே ஓடிப்போய் பேட்டரியின் முனைகளில். இரவில் அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், எதுவும் தெரியாது. கூடவே, கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே என்ன கேபிள், எத்தனை மீட்டர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று எழுதுங்கள்.

கோஸ்டர்வாசி
கன்ட்ரோலரில் 14.2 வோல்ட், பேட்டரியில் 13.3. அப்போது 9 ஆம்பியர் ஓடியது. திரை கண்ணுக்குத் தெரியட்டும் என்று கன்ட்ரோலரைக் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பேனலிலிருந்து அங்கே 2 மீட்டர். அங்கிருந்து பின்னால் இருக்கும் பேட்டரிக்கு 5 மீட்டர். இரண்டு பக்கமும் 4 மி.மீ. கேபிள்தான். கூரைக்குச் சோலார் கேபிள், உள்ளே வாகன உதிரிபாகக் கடையில் வாங்கிய ஆட்டோ கேபிள். ஃபியூஸ் 40 ஆம்பியர். ஐயா சொன்ன பிறகு தொட்டுப் பார்த்தேன், கேபிள் லேசாகச் சுடுகிறது.

ஓய்வுபெற்ற வயர்மேன்
அகப்பட்டுவிட்டது. இருவருமே பொய் சொல்லவில்லை, நடுவில் இருக்கும் கேபிள்தான் குற்றவாளி.

சோலார் கேபிளில் 4 என்றால் 4 சதுர மி.மீ. செம்பு. ஆஸ்திரேலியக் கடைகளில் விற்கும் ஆட்டோ கேபிளில் 4 மி.மீ. என்பது மேல் உறையோடு சேர்ந்த பருமன். உள்ளே செம்பு 1.84 சதுர மி.மீ.தான். 6 மி.மீ. வாங்கினாலும் 4.6தான் கிடைக்கும். இந்த ஊர்க்காரர்களே இதில் ஏமாறுகிறார்கள். நானும் வந்த புதிதில் ஒரு சுருள் வாங்கித் தலையில் அடித்துக்கொண்டவன்தான்.

கணக்கு இதோ. போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர். அந்தப் பருமனுக்குத் தடை ஏறக்குறைய 0.1 ஓம். 9 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரியில் 13.3 இருக்கும்போது கன்ட்ரோலருக்கு 14.2 தெரிகிறது. 14.2 வந்தால் நிறைந்துவருகிறது என்பதுதான் அதற்குச் சொல்லிவைத்த பாடம். அதனால் கையை இழுத்துக்கொள்கிறது.

இதைவிட எனக்குக் கோபம் அந்த 40 ஆம்பியர் ஃபியூஸ்மேல். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது கேபிளை. எங்காவது உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் போவதற்குள் இந்த ஒல்லிக் கேபிள் பற்றிக்கொள்ளும். அதன் பக்கத்தில்தானே படுத்துத் தூங்குகிறீர்கள்? இன்றே கழற்றுங்கள்.

கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுபோங்கள். கடையில் '6 பி அண்டு எஸ்' (6 B&S) என்ற அளவுக் கேபிள் கேளுங்கள், அதில் 13.5 சதுர மி.மீ. செம்பு இருக்கும். ஃபியூஸைப் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே வையுங்கள். கழற்றும்போது பேனல்மேல் போர்வையைப் போட்டு முதலில் பேனல் வயர், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பேனல்.

மாடிச்சூரியன்
அப்படிச் செய்தால் பேனல் பக்கக் கேபிள் 7 மீட்டராகிவிடுமே. பாரலலில் 20 ஆம்பியர் போனால் அங்கேயும் ஒரு வோல்டுக்கு மேல் போய்விடும். சீரிஸாக மாற்றுங்கள், அதாவது ஒரு பேனலின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு கோர்த்துவிடுங்கள். 40 வோல்ட், 10 ஆம்பியர். இழப்பு அரை வோல்ட் சொச்சம். மெல்பர்ன் குளிர்காலையில் பேனல் வோல்ட் கூடும் என்றாலும் இரண்டு பேனலுக்கு 55ஐத் தாண்டாது, உங்கள் கன்ட்ரோலர் தாங்கும்.

நிழல்தேடி
மரத்தடி முகாம்களில் சீரிஸ் காலை வாரிவிடும் என்று நினைக்கிறேன். ஒரு பேனல் நிழலில் இருந்தாலும் மற்றது தன்பாட்டுக்கு வேலை செய்ய பாரலல்தானே நல்லது?

மாடிச்சூரியன்
நிழல் அதிகம் என்றால் உண்மைதான், நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி மின்சாரத்தை விடும் பைபாஸ் டையோடு எல்லா நேரமும் காப்பாற்றாது. ஆனால் பாரலல்தான் வேண்டும் என்றால் கூரைக் கேபிளையும் தடிமனாக மாற்ற வேண்டும். இருக்கும் கேபிளுக்கு சீரிஸ்தான் பொருந்தும்.

அடுப்படிப்பயணி
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும் அண்ணா. இந்த அமைப்பில் மிக்சி ஓடுமா? இட்லி மாவு இல்லாமல் என் மாமியார் வண்டியில் ஏற மாட்டார்.

ஓய்வுபெற்ற வயர்மேன்
தகுந்த இன்வெர்ட்டர் இருந்தால் ஓடும் அம்மா. ஆனால் 120 வோல்டுக்குக் கீழ் உள்ள டி.சி. வேலையை நாமே செய்யலாம். வண்டிக்குள் 230 வோல்ட் இணைப்பு இழுப்பதென்றால் இந்த நாட்டில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். மாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போவது மலிவு.

கோஸ்டர்வாசி
சனிக்கிழமை முழுவதும் இதே வேலை. கன்ட்ரோலர் இப்போது பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சீரிஸாக மாற்றிவிட்டேன். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு 22 ஆம்பியர்! இரண்டு முனையிலும் அளந்தேன், வித்தியாசம் 0.1 வோல்ட்கூட இல்லை. நான்கு மணிக்கு பேட்டரி 98 சதவீதம். 400 வாட்டுக்கு 30 வரவில்லையே என்பது மட்டும் சின்னக் குறை.

மாடிச்சூரியன்
அது கோடை வெப்பத்தின் பங்கு. கூரையில் பேனல் 65 டிகிரி வரை கொதித்தால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். பேனலுக்கடியில் காற்று புக இடைவெளி விட்டிருக்கிறீர்கள்தானே? ஜூன் மாதம் 22ஐ எதிர்பார்க்காதீர்கள். அப்போது நண்பகலிலும் சூரியன் வடக்கே ஏறக்குறைய 29 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுத்திருக்கும் பேனலுக்குப் பாதிகூடக் கிடைக்காது. வண்டிக்கு வடக்கே மரம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

ஓய்வுபெற்ற வயர்மேன்
எல்லாம் சரி, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?

கோஸ்டர்வாசி
அதே 40தான் ஐயா, பேட்டரி முனையை ஒட்டி. இந்த முறை கேபிள் அதைத் தாங்கும். கதவுக்கு மேலே கன்ட்ரோலர் இருந்த நான்கு ஓட்டைகளை மறைக்க என் மனைவி முருகன் காலண்டர் மாட்டிவிட்டார்.