மேர்மெய்ட் மானை யாரோடு பார்த்தீர்கள்? உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்

குருநகர்க் கரை:

ஸ்பொஞ்ச்பொப் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேர்மெய்ட் மானையும் பார்னக்கிள் போயையும் மறக்க முடியாது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் அநியாயக்காரரை அடக்கிய இரண்டு வீரர்கள், இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். மூத்தவருக்கு மார்பில் சிப்பிக் கச்சை, மூக்கின்மேல் நட்சத்திர மீன், காலில் வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்பு. அவர்களை மறுபடி களத்தில் இறக்கியே தீருவது என்று ஸ்பொஞ்ச்பொப்பும் பற்றிக்கும் கொடுக்கும் ஆய்க்கினைதான் 1999இல் வந்த முதல் கதை. ஓடுவது சுமார் 11 நிமிடம். அதைப் பார்த்த அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2003 யூலை, யாகப்பர் திருவிழா நேரம். போரில் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. பெரியம்மாவின் மகன் ரொறொன்ரோவிலிருந்து வந்து நின்றான். அவன் கொண்டுவந்த இறுவட்டில் இந்த இருவரும் வரும் கதைகள் சில இருந்தன. எனக்கு ஒன்பது வயது, ஆங்கிலம் பாதிதான் விளங்கும். அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவான்.

அம்மப்பா பின்னால் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். போரால் வந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வள்ளம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நாளைய கட்டுப்பாடுகளில் இரவுத் தொழிலுக்குப் போயிருக்க முடியாது. அதற்குப் பிறகு அவர் பெரும்பாலும் அந்தக் கதிரையில்தான். சாப்பாட்டுக்கு எழும்புவார். யாராவது "சோளகம் எழும்பீட்டுது" என்று தென்மேற்குக் காற்றைப் பற்றிச் சொன்னால் மட்டும் கண்ணைத் திறந்து வாசலைப் பார்ப்பார்.

மேர்மெய்ட் மானுக்கும் அப்படி ஒரு சொல் உண்டு. "தீமை" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், தூங்கி வழிகிற மனிதன் கத்திக்கொண்டு வட்டமாக ஓடுவார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"உந்தக் கிழவன்மாரை ஏன்டா நித்திரை கொள்ள விடாமல் ஆய்க்கினைப்படுத்திறாங்கள்?"

அண்ணா விளக்கினான். அவர்கள் முன்பு பெரிய வீரர்கள், இந்தப் பெடியள் அவர்களை மறுபடி எழுப்பப் பார்க்கிறார்கள் என்றான். அம்மப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுத்தது கண்ணுக்குத் தெரியாத படகு வரும் இடம். அவர்களுடைய சொந்தப் படகுதான். ஆனால் அதை எங்கே விட்டோம் என்று மேர்மெய்ட் மானுக்கே தெரியாது. அண்ணா இதையும் சொன்னான்.

அம்மப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன்ர வள்ளமும் காணாமல் போட்டுதோ?" என்று கேட்டார்.

அண்ணா படத்தை நிறுத்திவிட்டான். அன்று மிச்சம் பார்க்கவில்லை. இரவு பத்து மணிவரை அம்மப்பா வள்ளத்தைப் பற்றிச் சொன்னார். எட்டு வருடமாக வீட்டில் ஒருவரும் வாயெடுக்காத கதை. பார்னக்கிள் என்றால் வள்ளத்தின் அடியில் ஓட்டோடு ஒட்டிப் பிடிக்குமே, அதுதான் என்று அண்ணா சொன்னபோது கையைத் தூக்கிக் காட்டினார். அதைச் சுரண்டிச் சுரண்டிக் கிழிந்த தழும்பு இரண்டு இருந்தது. மறுநாள் விடியற்காலை எங்களைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். அவர் அங்கே போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கொக்குவில் மருமகள்:

வாசித்துவிட்டு அழுதேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு கதை, பார்னக்கிள் போய் வில்லனாக மாறுகிற கதை. நரைத்த வயதிலும் அந்த மனிதனைப் "போய்", அதாவது பையன் என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கடையிலும் சின்னப் பிள்ளைக்குரிய அளவில்தான் வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கும் பெரியவர்கள் சாப்பிடுகிற அளவு வேண்டும் என்று வெடித்து, பெயரையே பார்னக்கிள் மான் (வளர்ந்த ஆள்) என்று மாற்றி, எதிரிகளோடு சேர்ந்துவிடுவார். அவரை மடக்க ஸ்பொஞ்ச்பொப், பற்றிக், ஸ்குவிட்வார்ட், சாண்டி நான்கு பேரும் வீரர் வேடம் போடுவார்கள்.

என் மாமனாரின் தம்பிக்கு 58 வயது. கடையை அண்ணனோடு சேர்ந்து நடத்துகிறவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் "குட்டி". காணி விசயம் பேசும்போது "குட்டி, நீ போய்த் தேத்தண்ணி சொல்லு" என்பார்கள். அவர் எழும்பிப் போவார். ஒருநாள் என் மகளோடு இந்தக் கதையைப் பார்த்துவிட்டு, "பாவமடா, அவன் கேட்டது நியாயம்தானே" என்றார், சத்தமாக, எல்லாருக்கும் கேட்க. மாமனார் பத்திரிகையை மடித்து வைத்தார். அடுத்த முறை காணிக்காரர் வந்தபோது தேத்தண்ணிக்கு எழும்பினவர் மாமனார். இன்னும் "குட்டி" என்றுதான் கூப்பிடுகிறார், அது மாறாது. ஆனால் பேச்சு நடக்கும்போது அவரை இருத்தி வைத்திருக்கிறார்.

உடுவில் வாசகன்:

குரல் கொடுத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேர்மெய்ட் மானுக்கு ஏர்னெஸ்ட் போர்க்னைன், பார்னக்கிள் போய்க்கு ரிம் கொன்வே. 1962 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு கடற்படை நகைச்சுவைத் தொடரில் தலைவனும் கீழ் அதிகாரியுமாக நடித்தவர்கள் இந்த இருவர். போர்க்னைன் உண்மையிலேயே அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். முதல் கதை வந்தபோது அவருக்கு 82 வயது. அந்தக் குரலில் வரும் களைப்பை நடிப்பு என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2012இல் 95 வயதில் இறந்தார். கொன்வே 2019இல்.

தொடரை உருவாக்கிய ஸ்ரீபன் ஹில்லன்பேர்க் கடல் உயிரியல் படிப்பித்தவர். சிப்பியும் நட்சத்திர மீனும் சரியான இடத்தில் வந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அராலிப் பேரன்:

இரண்டாவது கதையில் ஸ்பொஞ்ச்பொப்புக்கு ஒரு சங்கு கிடைக்கும். ஊதினால் வீரர்கள் வரவேண்டும். அவன் ஒன்றுமில்லாத விசயத்துக்கெல்லாம் ஊதி, அவர்களுக்கு விசர் பிடிக்கும். நானும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் கைத்தொலைபேசி கிடைத்ததும் வட்டுக்கோட்டையில் இருந்த அப்பப்பாவுக்கு எடுத்துக்கொண்டே இருப்பேன். சைக்கிள் ரியூப்புக்குக் காற்றுப் போயிற்று, பட்டத்துக்கு வால் நீளம் போதாது என்று. அவர் ஒவ்வொரு முறையும் வந்தார். ஒருமுறை மழைக்குள் வந்து, நனைந்த சாரத்தோடு பட்டத்துக்கு முச்சை கட்டித் தந்தார். கோபித்ததே இல்லை.

குருநகர்க் கரை, உங்கள் அம்மப்பாவின் வள்ளத்துப் படம் ஏதும் இருக்கிறதா?

குருநகர்க் கரை:

புகைப்படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அன்று இரவு அம்மப்பா சொல்லச் சொல்ல அண்ணா என்னுடைய கொப்பியில் வள்ளத்தைக் கீறினான். கண்ணுக்குத் தெரியாத வள்ளம் என்றபடியால் முதலில் புள்ளிக் கோடாகத்தான் போட்டான். அம்மப்பா பேனையை வாங்கி, புள்ளிகளையெல்லாம் இணைத்துவிட்டார். அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், பதிந்து போயிற்று, இன்னும் உயர வேணும் என்று அதை வெட்டி மேலே ஒரு கோடும் இழுத்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.