மனச்சோர்வுக்கு சிபிடி: எங்கே எடுபடுகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது

மருத்துவ உளவியலாளர், மதுரை

சிபிடி (எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை) செஷன்களில் அடிக்கடி எதிர்ப்படுகிற சிக்கல்களை எல்லோரும் இங்கே போடுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

பெரிய தப்பு வரிசையில்தான் நடக்கிறது. புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே எண்ணங்களில் கைவைத்துவிடுகிறார்கள். பிஎச்க்யூ-9ல் (மனச்சோர்வை 27க்கு அளக்கிற ஒன்பது கேள்விப் பட்டியல்) 16, 17 மதிப்பெண்ணோடு வருபவருக்கு நாலு வரி படிக்கவே கவனம் நிற்காது. அவர் கையில் ஏழு கட்டம் போட்ட எண்ணப் பதிவுத் தாளைக் கொடுத்தால் வெறுந்தாளாகத் திரும்பி வரும். "இதுகூட என்னால முடியல" என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். முதல் மூன்று நான்கு செஷன்கள் செயல் பக்கமே போகட்டும்.

முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்ல வேண்டாம். மணிக்கு ஒரு கட்டம். என்ன செய்தார் என்று இரண்டு வார்த்தை. பக்கத்தில் இரண்டு எண்கள். சந்தோஷம் 10க்கு எவ்வளவு, செய்து முடித்த திருப்தி 10க்கு எவ்வளவு. "நாள் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கு" என்பவரின் தாளில் மதியம் படுத்துக்கிடந்த மூன்று மணி நேரம் 0, 0 என்றும், சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டது 2, 4 என்றும் இருக்கும். அடுத்த வாரத் திட்டத்தை அந்த 4லிருந்து தொடங்குங்கள்.

திட்டம் கவிழ்வது பெரும்பாலும் அளவால். "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றால் நடக்காது. "சாயங்காலம் காபி குடிச்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும், போய்வர 5 நிமிஷம், திங்கள் புதன் வெள்ளி" என்று எழுதினால் நடக்க வாய்ப்பு உண்டு. எழுதி முடித்ததும் "இதைச் செய்வீங்கன்னு 100க்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று கேளுங்கள். 80க்குக் கீழே சொன்னால் வேலையைச் சின்னதாக்குங்கள். தைரியம் சொல்லி எண்ணை ஏற்றிவிடுவதில் பயனில்லை, வாசலைத் தாண்டும்போதே அது இறங்கிவிடும். "மனசு வந்தா செய்றேன்" என்பார்கள். இந்த நோயில் மனசு வரக் காத்திருந்தால் வராது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்வதுதான் ஏற்பாடு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் சந்தோஷ எண் நகராமல் திருப்தி எண் மட்டும் நகர்வதும் சகஜம்.

மனநல சமூகப்பணியாளர், திண்டுக்கல்

சார், அந்த மணிக்கணக்குத் தாள் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. கூட்டுக்குடும்பத்தில் மருமகள் எழுதுகிற நோட்டை யாராவது பிரித்துப் படிப்பார்கள். "மாமியார் பேசினது, சந்தோஷம் 0" என்று இருந்தால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். பால் கணக்கு குறிக்கிற மாதக் காலண்டரிலேயே அந்தந்த நாள் கட்டத்தில், செய்திருந்தால் ஒரு புள்ளி, செய்த பிறகு கொஞ்சம் லேசாக இருந்தால் இரண்டு புள்ளி. யார் கண்ணிலும் படாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இதே போதும்.

பட்டம் வாங்கியவர்தான் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 செஷன்கள் நடத்த வைத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். அந்தத் திட்டத்தின் அடிப்படையும் மேலே சொன்ன செயல் பக்கம்தான். ஆனால் மேற்பார்வை இல்லாமல் அதை விட்டுவிடவில்லை. செஷன் ஒலிப்பதிவுகளைச் சேர்ந்து கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். நம் பக்கம் பயிற்சி வகுப்போடு நிறுத்திவிடுவது எரிச்சலான விஷயம்.

உளவியல் ஆலோசகர், கோவை

நான் எண்ணப் பதிவுத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். "எண்ணம்" என்ற கட்டத்தில் பலர் உணர்வைத்தான் எழுதி வருவார்கள்: "கஷ்டமா இருந்துச்சு." இல்லாவிட்டால் கேள்வி: "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" கேள்விக்கு யாரும் சான்று தேட முடியாது. "அதுக்கு உங்க மனசு என்ன பதில் சொல்லுது?" என்று கேட்டால் "நான் ராசியில்லாதவ" என்று வாக்கியம் வெளியே வரும். அதைக் கட்டத்தில் எழுதவையுங்கள்.

நிரப்பிய தாள் ஒன்று இப்படி இருக்கும். சூழ்நிலை: காலை 10 மணி, தங்கை போனை எடுக்கவில்லை. சோகம் 100க்கு 80. எண்ணம்: "நான் பேசினாலே அவளுக்குத் தொல்லை", நம்பிக்கை 90. இதற்குச் சான்று: மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. எதிர்ச் சான்று: அவள் டீச்சர், அது வகுப்பு நேரம், போன ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசினாள். மாற்று எண்ணம்: "வகுப்பில் இருந்திருக்கலாம். ஆறு மணிக்குக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்." முதல் எண்ணத்தில் நம்பிக்கை இப்போது 50, சோகம் 55. இவ்வளவு இறங்கினாலே நல்ல வேலை. எடுத்ததும் 0 என்று எழுதி வந்தால் உங்களைத் திருப்திப்படுத்த எழுதியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"நீங்க சொல்றது அறிவுக்குப் புரியுது, மனசு ஏத்துக்கல" என்று சொன்னால் வாதத்தை நிறுத்துங்கள். நாம் எடுத்துக்கொண்ட எண்ணம் மேலோட்டமானது என்று அர்த்தம். "அப்படியே இருந்தாலும், அதனால உங்களைப் பத்தி என்ன ஆகுது?" என்று இரண்டு மூன்று படி இறங்கிக் கேளுங்கள். அல்லது பேச்சை விட்டுச் சோதனைக்குப் போங்கள்: ஆறு மணிக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு கூப்பிட்டு ஒப்பிடுவது.

50 நிமிஷத்தில் போன வார ஹோம்வொர்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு தடவை கேட்க மறந்தால் மூன்றாவது வாரம் அவரும் செய்யமாட்டார்.

மனநல மருத்துவர், திருச்சி

ஆரம்பிக்கும் முன்பு தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முன்பு எப்போதாவது நாட்கணக்கில் தூக்கம் அதிகம் தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, காசைக் கண்டபடி செலவழித்தாரா என்று குடும்பத்தாரிடமும் கேளுங்கள். இருமுனைக் கோளாறாக (சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வருவது) இருந்தால் சிகிச்சைப் பாதையே வேறு. பிஎச்க்யூ-9ல் 20 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்தும் சிபிடியும் சேர்ந்தே போகட்டும். மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும். தேறியதும் அவராக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்த மதிப்பெண் 8தான் என்றாலும் தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்தோ மிச்ச மாத்திரையோ இருந்தால் யார் எடுத்துப்போய் எங்கே வைப்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அவர் போனில் அங்கேயே பதியவையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மருத்துவ உளவியலாளர், மதுரை

கோவை மேடம் சொன்னதற்கு ஒரு ஒட்டு. எல்லா இருண்ட எண்ணமும் பிழையான எண்ணமாக இருக்காது. சம்பளம் 15,000, வட்டி மட்டும் 12,000 என்பவரிடம் "வாழ்க்கையே முடிஞ்சுது" என்பதற்கு எதிர்ச் சான்று கேட்டால் எழுந்து போய்விடுவார், நியாயம்தான். அங்கே படிவத்தை மூடிவிட்டு, பிரச்சினையை ஒரே வாக்கியமாக எழுதி, வழிகளைப் பட்டியலிட்டு, இந்த வாரம் செய்யக்கூடிய ஒன்றைப் பிடிப்பதுதான் வேலை. வீட்டில் அடி உதை என்றால் பாதுகாப்பு ஏற்பாடு முதலில்.

ஒவ்வொரு செஷனிலும் பிஎச்க்யூ-9 எடுங்கள். 5 புள்ளி இறங்கினால் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆறாவது செஷன் வரை அசையவில்லை என்றால் அதே படிவத்தை இன்னொரு தடவை விளக்காதீர்கள். குடி இருக்கிறதா, ஹோம்வொர்க் உண்மையில் நடக்கிறதா, நோயறிதல் சரியா என்று திரும்பப் பாருங்கள்.

12 முதல் 20 செஷன் வரை போகும். கடைசி மூன்றை இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தள்ளிவையுங்கள். அதற்குள் அவர் கையெழுத்திலேயே ஒரு தாள் தயாராகட்டும்: மறுபடி வந்தால் முதலில் தெரிகிற அறிகுறி மூன்று (போன் எடுக்காமல் விடுவது, குளியல் தள்ளிப்போவது என்று அவருக்கு உரியவை), அன்றைக்கே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள், யாரைக் கூப்பிடுவது.