மழைநாள் மீன் விருந்து, முழுதும் தேறாத உடம்பு: அனுபவப் பகிர்வு

ஏரிக்கரையான்
சிக்குன்குனியா காய்ச்சல் விட்டுப் பல வாரங்களாகியும் காலையில் விரல்களை மடக்க முடியாதிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில், நண்பர்கள் என்னைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அடைமழையில் படகுகள் கடலுக்குப் போகாததால் ஏரியில் பிடித்த களி நண்டுதான் கிடைத்தது. மிளகு தூக்கலாக வைத்த குழம்பிலிருந்து பெரிய கொடுக்கு ஒன்றை எடுத்து உடைக்க முயன்றபோது, என் விரல்கள் அதைப் பற்றவே மறுத்தன. எதிரே இருந்த நண்பன், பக்கத்திலிருந்தவரோடு கிரிக்கெட் பேசியபடியே, என் முகத்தை ஏறிட்டும் பாராமல் அந்தக் கொடுக்கை என் இலையிலிருந்து எடுத்து, உடைத்து, சதையை மட்டும் என் சோற்றின்மேல் வைத்தான். அன்று எனக்கு மூண்ட எரிச்சல் எதற்காக என்று இன்றும் விளங்கவில்லை.

முத்துநகர் வாசகி
காசநோய்க்கான ஆறு மாத மருந்தில் பாதியைக் கடந்திருந்தேன். தூத்துக்குடியில் அபூர்வமாகக் கொட்டிய மழையைக் கொண்டாட, தோழி வீட்டில் சூரைமீன் குழம்பு வைத்தார்கள். உண்டு முடித்த சிறிது நேரத்தில் என் முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடத்தது. சூரையில் உண்டாகும், ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உடல் சிதைக்கவிடாமல், நான் உண்டுவந்த காசநோய் மருந்தான ஐசோனியசிட் மாத்திரை தடுக்கக்கூடும் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். ஆனால் என் நினைவில் நிற்பவர், மீன் கெட்டிருக்குமோ என்று சட்டியை மீண்டும் மீண்டும் முகர்ந்து பார்த்த தோழியின் தாயார்தான்.

பத்தியக்காரர்
டெங்குவிலிருந்து எழுந்த கையோடு நாகப்பட்டினத்தில் கொட்டும் மழையில் இறால் வறுவல் உண்டவன் நான். எனக்கு எதுவும் நேரவில்லை. முத்துநகர் அம்மையார் மருந்தின்மேல் பழிபோடுவது சரியன்று. பனிக்கட்டியில் வைக்காத சூரையில் ஹிஸ்டமின் பெருகிவிட்டால், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. ஆகவே மீன்தான் பழையது. ஏரிக்கரையாருக்கும் ஒன்று: நண்டு கரப்பான் பண்டம், மூட்டுவலிக்காரர் தொடக்கூடாது. யூரிக் அமிலத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், காலையில் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்து விரல்களை மெல்ல மடக்கிப் பழகுங்கள், தலைக்குக் குளிப்பதைக் குறையுங்கள், மழைக்காலம் முடியும்வரை கொள்ளு ரசம் குடியுங்கள்.

ஏரிக்கரையான்
ஐயா, யூரிக் அமிலத்தால் வரும் வலி வேறு, சிக்குன்குனியா விட்டுச்செல்லும் வலி வேறு. நான் எழுதியது நண்பனைப் பற்றி. மூட்டைப் பற்றி ஆலோசனை கேட்கவில்லை.

முத்துநகர் வாசகி
அதே சட்டியில் உண்ட மற்ற அனைவரும் நலமாகவே இருந்தார்கள். மருத்துவர் சொன்னதை விளக்கிய பிறகும், மருந்து முடிந்து நான் முழுதும் குணமான பிறகும், அந்தத் தாயார் என்னை விருந்துக்கு அழைக்கும் நாளில் மீன் மட்டும் சமைப்பதில்லை.