மாட்டுக்கு வைப்பது போலக் குதிரைக்குத் தீனி வைத்தால் என்ன ஆகும்?

தென்னாப்பிரிக்காவின் வெருலத்திலிருந்து கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டில் தலைமுறையாக மாடுதான் வளர்த்தோம். மகளுக்காக இப்போதுதான் ஒரு குதிரை வாங்கினோம். போன வாரம் மாலையில், இங்கே மீலி என்று சொல்லும் மக்காச்சோளத்தை நொறுக்கி ஒரே வேளையில் ஒரு வாளி வைத்தேன். நள்ளிரவில் குதிரை முன்காலால் தரையைப் பிறாண்டியது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, இரைப்பையில் தேங்கியதை வெளியேற்றிக் காப்பாற்றினார். இரண்டும் புல் தின்னும் பிராணிகள்தானே, குதிரைக்கு மட்டும் ஏன் இப்படி?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பதில்:
தம்பி, அளவு மீறிய தானியத்தை மாடும் தாங்காது. ஆனால் புல்லை நொதிக்க வைக்கும் அறை மாட்டுக்குச் சிறுகுடலுக்கு முன்னால் இருக்கிறது, குதிரைக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பைகூட 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள சுருக்குத்தசை மிக வலியது என்பதால் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே அழுத்தம் ஏறினால் இரைப்பை கிழிந்தே போகலாம். மருத்துவர் குழாய் செலுத்தியது அதனால்தான்.

மாவுச்சத்து செரிக்க வேண்டிய இடம், ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். ஒரே வேளையில் மிகுதியாக வந்தால், செரிக்காத மாவு அடுத்துள்ள குருட்டுக்குடலுக்குள் போய் விழுகிறது. நமக்குச் சிறிய பையாக இருக்கும் அந்த உறுப்பு, குதிரைக்கு ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 30 லிட்டர் கொள்ளும் நொதிகலம். அங்கும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களே நாரை உடைத்து, குதிரைக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. மாவு சேர்ந்தால் லாக்டிக் அமிலம் பெருகி அந்த நுண்ணுயிர்கள் மடிகின்றன, வாயு உப்புகிறது, சில வேளைகளில் குளம்புக்குள் அழற்சியும் தொடங்குகிறது. குளம்பில் சூடு தெரிகிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். தெரிந்தால் மருத்துவரை உடனே அழையுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து பதில்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே உமிழ்நீர் ஊறும், இரைப்பை அமிலமோ ஓயாமல் சுரக்கும். ஆகையால் எரக்ராஸ்டிஸ் என்னும் புல்வகையின் உலர்புல் நாள் முழுதும் முன்னால் இருக்கட்டும், தானியம் தேவையென்றால் சிறு பங்காகப் பிரித்து வையுங்கள். விலாவில் காதை வைத்தால் குடல் இரையும் ஒலி கேட்கும். அது அடங்கிப்போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெருலத்திலிருந்து:
இருவருக்கும் நன்றி. இன்று காலை மகளோடு இடப்பக்கமும் வலப்பக்கமும் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் இரைகிறது, குளம்பிலும் சூடு இல்லை. மீலி மூட்டையைக் கொட்டிலிலிருந்து எடுத்துவிட்டோம்.