விபிஎன்னை எடுப்பதா, வைத்திருப்பதா?

முறிகண்டியான்:
கிளிநொச்சியில் எங்கள் ரியூசன் நிலையம், முல்லைத்தீவில் ஒரு கிளை. இரண்டிலும் 4ஜி ரவுட்டர், நடுவில் வயர்கார்ட் விபிஎன் (இரண்டு இடத்தையும் இணையத்தின் ஊடாக இணைக்கும் பூட்டிய பாதை). கிளையின் இணையம் முழுக்க கிளிநொச்சிக்கு வந்து, இங்குள்ள வடிகட்டியைத் தாண்டித்தான் வெளியே போகும். பின்னேரமானால் ஸூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாக விழுகிறது. கிளையோடு கதைக்கும் ஐபி போனும் அப்படித்தான். விபிஎன்னைக் கழற்றலாமா?

வவுனிக்குளம்:
கழற்றுங்கள் அண்ணை. ஐபி போன் ஜி.729 என்ற குரல் சுருக்க முறையில் ஓடினால் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி (பாக்கெட்). குரல் 20 பைட், முகவரி முதலான தலைப்புகள் 40 பைட். வயர்கார்ட் இன்னும் 60 பைட் ஏற்றுகிறது. செக்கனுக்கு 24 கிலோபிட்டில் போன அழைப்பு கிட்டத்தட்ட 50 ஆகிவிடும். ஸூம் ஏற்கெனவே ஏஇஎஸ்-256 குறியாக்கத்தோடு வருகிறது, அதைத் திரும்பவும் பூட்டி என்ன லாபம்?

ஓமந்தைக்காரி:
இரண்டு மடங்கு என்று பயமுறுத்தாதீர்கள் தம்பி. கூடுவது ஒரு அழைப்புக்கு 26 கிலோபிட். பின்னேரம் அப்லோட் அடைபடுவது அதாலா? ஒரு பெடியன் வீடியோ ஏற்றுவான், கேமராப் பதிவு கிளவுட்டுக்குப் போகும், ரவுட்டரில் காத்துநிற்கும் பொதிகளின் வரிசை நிரம்பிவிடும், குரல் கடைசியில் நிற்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது ஐடியூவின் (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.114 பரிந்துரை. நிரம்பிய வரிசை மட்டுமே அரைச் செக்கனைத் தின்றுவிடும். குறியாக்கத்துக்கு அதில் சொற்பம்கூடத் தேவையில்லை. அதோடு கட்டண விவரம், பிள்ளைகளின் பெயர், முகவரி எல்லாம் அந்த விபிஎன்னில்தானே போகிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருக்கால் வாசியுங்கள்.

வவுனிக்குளம்:
சரி, அலுவலக விவரம் விபிஎன்னில் போகட்டும். வகுப்பை ஏன் கிளிநொச்சிக்கு இழுக்கிறீர்கள்? முல்லைத்தீவில் ஏறி, கிளிநொச்சியில் இறங்கி, திரும்ப ஏறி... ஒரே வீடியோ 4ஜியில் மூன்று தரம் ஓடுகிறது! ஸூமை நேரே விடுங்கள்.

ஓமந்தைக்காரி:
நேரே விட்டால் அந்தப் போக்குவரத்தை வடிகட்டி காணாது. முதலில் மாணவர் வைஃபையை அலுவலகத்திலிருந்து தனி விலானாக (ஒரே கருவியில் பிரித்துவைத்த தனி வலையமைப்பு) பிரிக்க வேண்டும். அப்புறம் விடட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.

முறிகண்டியான்:
குரல் பொதிக்கு முன்னுரிமை கேட்கும் டிஎஸ்சிபி 46 குறி போட்டால்?

ஓமந்தைக்காரி:
வயர்கார்ட் உள்ளே போட்ட குறியை வெளிப் பொதிக்கு எடுத்துவராது. ஐபிசெக் என்ற மற்ற விபிஎன் முறை வழமையாக எடுத்துவரும், ஆனால் வெளி இணையத்தில் அதை மதிப்பார்கள் என்று நம்பாதீர்கள். விபிஎன்னுக்குள் போகுமுன் உங்கள் ரவுட்டரிலேயே எஃப்கியூ-கோடல் வரிசை (ஒருவரின் பொதிகள் மற்றவரை மறிக்காமல் முறைவைத்து அனுப்புவது) வைத்து, அப்லோட்டை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டுங்கள்.

வவுனிக்குளம்:
எந்த உண்மையான வேகம்? 4ஜியில் காலையில் ஒன்று, இரவில் இன்னொன்று. ஃபைபர்காரருக்குச் சொல்லும் வைத்தியத்தை இங்கே சொல்கிறீர்கள்.

ஓமந்தைக்காரி:
பின்னேர வேகத்துக்கே கட்டட்டும். வகுப்பு நடப்பது அப்போதுதானே. பகலில் கொஞ்சம் குறைந்தால் யாருக்கு நட்டம்?

முறிகண்டியான்:
இந்த 4ஜி ரவுட்டரில் விலான் இல்லை. பழைய மிக்ரோட்டிக் ரவுட்டர் ஒன்று கிடக்கிறது, அதில் பிரித்துப் பார்க்கிறேன். கழற்றுவதைப் பிறகு யோசிப்போம்.

வவுனிக்குளம்:
அதில் ஃபாஸ்ட்ராக் என்ற குறுக்குவழியைப் போட்டால் பொதிகள் வரிசையைத் தாண்டிப் போய்விடும். அதை நிறுத்தினால் பழைய சிபியு திணறும். இரண்டையும் சோதித்துவிட்டு வாருங்கள் அண்ணை, ஓமந்தை அக்கா அப்போது என்ன சொல்கிறா என்று பார்ப்போம்.