பத்து நிமிடப் பழக்கத்தால் மன உறுதி வளருமா?

நெய்தல் (கேள்வி):
வணக்கம். நெல்சன் மண்டேலா தமது சிறைவாசத்தின்போது தினமும் உடற்பயிற்சி செய்துவந்தார் என்று படித்தேன். படுக்கையில் இருக்கும் தாயாரைக் கவனித்துக்கொண்டு வேலைக்கும் போய்வருவதால், எனக்கென்று கிடைப்பது இரவில் பத்து நிமிடம்தான். நாட்குறிப்பு எழுதத் தொடங்குவேன்; அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும் வாரத்தில் அது நின்றுவிடும். இத்தனை சிறிய பழக்கத்தால் உறுதி பிறக்குமா, அல்லது இயல்பிலேயே உறுதியானவர் என்பதால்தான் அவருக்குப் பழக்கம் கைகூடியதா?

கருவேலன்:
'தினமும்' என்பதை முதலில் திருத்திவிடுகிறேன். திங்கள் முதல் வியாழன் வரைதான் அவர் பயிற்சி செய்தார் என்பது அவரது தன்வரலாற்றிலேயே இருக்கிறது: நின்ற இடத்திலேயே 45 நிமிட ஓட்டம், விரல்நுனியை ஊன்றி 100 தண்டால், 200 முறை படுத்து எழுந்திருத்தல், 50 பஸ்கி. மற்ற மூன்று நாளும் ஓய்வு. அதுவும் சிறையில் புதிதாகத் தொடங்கியதன்று. 1950களில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய ஆர்லாண்டோவில் குத்துச்சண்டை பழகிய நாட்களின் வழக்கத்தையே, ஆள் நீட்டிப் படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் மறு சுவரிலும் முட்டும் அறைக்குள் அவர் தொடர்ந்தார்.

உங்களுக்கு நெருக்கமானது வேறொரு செய்தி. 1975 பிப்ரவரியில், க்ரூன்ஸ்டாட் சிறையில் இருந்த மனைவி வின்னிக்கு எழுதிய கடிதத்தில், உறங்கப்போகுமுன் பதினைந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து தம்மைத் தாமே ஆராயும்படி அவர் சொல்கிறார்; தொடக்கத்தில் நம் குறைகள் பிடிபடாமல் போகலாம், பத்தாவது முயற்சியில் பலன் தெரியக்கூடும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். உங்கள் பத்து நிமிடத்திற்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை.

முல்லைக்கொடி:
நின்றுபோவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதால் இதை எழுதுகிறேன், அம்மா. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2010இல் இதழில் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. '21 நாளில் பழக்கம்' என்று விற்கப்படும் பேச்சை நம்பிப் பலர் மூன்றாவது வாரத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். எப்போதாவது ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே கட்டுரையில் உண்டு.

அந்த ஆய்வில் எல்லோரும் தம் செயலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றோடு, உதாரணமாகக் காலை உணவோடு, இணைத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் எந்த வாரத்திலும் நிற்காத வேலை தாயாருக்கு இரவு மாத்திரை கொடுப்பதாகத்தான் இருக்கும். மாத்திரை டப்பாவோடு நாட்குறிப்பையும் பேனாவையும் வைத்துவிடுங்கள். முடியாத நாளில் தேதியும் ஒரு வரியும் போதும்.

செங்கழுநீர்:
இருவர் சொன்னதையும் மறுக்கவில்லை. ஆயினும் மண்டேலாவின் உறுதியைத் தண்டால் கணக்கிலும் தியானத்திலும் மட்டும் தேடுவது சரியன்று. அவர் சிறையிருந்த ராபன் தீவின் சுண்ணாம்புக்கல் குவாரியில் வருடக்கணக்கில் வேலை செய்ததால் அவர் கண்கள் பாதிக்கப்பட்டதை எந்தப் பயிற்சியும் தடுக்கவில்லை. அதே குவாரியில்தான் கைதிகள் வேலைக்கிடையே ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். தங்கள் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் வரலாற்றை, உடன் சிறையிருந்த தோழர் வால்டர் சிசுலு சொல்லிக்கொடுத்தார். மண்டேலாவைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

நெய்தல் அவர்களே, நாட்குறிப்பை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவுக்கு முடியாத வாரத்தில் பழக்கம் அறுந்துபோவது மன உறுதியின் குறையன்று, ஆள்பலக் குறை. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது அவருடன் இருக்க உடன்பிறந்தவரோ பக்கத்து வீட்டாரோ யாராவது உண்டா?